நோயாளியின் சொல் எங்கே தொலைகிறது?

2002 ஜூலையில் ஹைதராபாத்தில் ஒரு பெண் காய்ச்சலோடு தனியார் மருத்துவமனையொன்றில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. உடன் குளிர் நடுக்கமும் இருந்தது. அங்கு அவருக்கு டைஃபாய்டுக்கான சிகிச்சை அளிக்கப்பட்டது. உடல்நிலை தேறவில்லை. நான்கு நாட்களுக்குப் பின், நாடித்துடிப்பே உணர முடியாத நிலையில், வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கு செய்த சோதனையில் டைஃபாய்டுக்கான வைடால் முடிவு எதிர்மறையாக வந்தது. இரத்தத்தில் மலேரியாக் கிருமி இருப்பது தெரிந்தது. அன்றே அவர் இறந்தார். அவருடைய கணவர் மலேரியாத் துறையில் பணிபுரிந்த அலுவலர்.

கணவர் நுகர்வோர் மன்றத்தை நாடினார். மாவட்ட மன்றம் 2 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. மாநில ஆணையமும் தேசிய ஆணையமும் அம்முடிவை ஏற்கவில்லை. அலட்சியத்தை நிறுவ மருத்துவ வல்லுநரின் சாட்சியம் இல்லை என்று கூறப்பட்டது. 2010 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாவட்ட மன்றத்தின் தீர்ப்பை மீட்டெடுத்தது. எல்லா வழக்குகளிலும் வல்லுநர் சாட்சியம் கட்டாயமன்று, சில வேளைகளில் நிகழ்வே தனக்காகப் பேசும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இறப்புக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

சட்டம் பயில்வோர் இவ்வழக்கை வல்லுநர் சாட்சியம் பற்றிய முன்மாதிரியாகப் படிக்கின்றனர். மொழியை ஆராய்வோர்க்கு இதில் வேறொன்று புலப்படும். தெலுங்கில் மலேரியாவுக்கு மக்கள் வழங்கும் பெயர் 'சலி ஜ்வரம்', அதாவது குளிர்க்காய்ச்சல். தமிழிலும் குளிர்க்காய்ச்சல், முறைக்காய்ச்சல் என்னும் பெயர்கள் உண்டு. முன்னது நடுக்கத்தையும் பின்னது காய்ச்சல் முறைவைத்து வந்து போவதையும் பெயரிலேயே பொதிந்து வைத்திருக்கின்றன. 'மலேரியா' என்னும் இத்தாலிய மூலச் சொல்லோ 'கெட்ட காற்று' என்ற பழைய பிழைக் கருத்தை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. மக்கள் சொல்லில் அறிகுறி இருக்கிறது. அவ்வறிகுறிகள் இரண்டும் அந்தப் பெண்ணின் முறையீட்டிலும் இருந்தன. ஆகவே சொல்லப்பட்டது குறைவு என்று கூற இடமில்லை. சொல்லப்பட்டது, சிகிச்சையைத் தீர்மானிக்கும் இடத்தைச் சென்றடையவில்லை.

மருத்துவப் பிழை பற்றி இந்தியப் பொதுவெளியில் நிகழும் விவாதம் பெரும்பாலும் இரு முனைகளுக்கிடையே ஊசலாடுகிறது. ஒரு முனையில் மருத்துவர் தெய்வம். மறுமுனையில் அவர் பணம் பறிப்பவர். ஓர் இறப்பு செய்தியானவுடன் கூட்டம் மருத்துவமனைக் கண்ணாடிகளை உடைக்கிறது. மறுநாள் மருத்துவர் சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்கின்றன. மூன்றாம் நாள் எல்லாம் அடங்கிவிடுகிறது. இரு தரப்பும் ஒரே அடிப்படையை ஏற்றுக்கொண்டிருக்கின்றன: பிழை என்பது ஒரு தனிமனிதரின் குணக்கேடு அல்லது அறிவுக்குறை. அந்த அடிப்படையே ஆய்வுக்குரியது. தவறவிடப்பட்ட நோயறிதல்களில் கணிசமானவை, நோயாளியின் உடலுக்கும் மருத்துவரின் முடிவுக்கும் இடையே உள்ள சொற்களின் பாதையில் நிகழ்பவை. அப்பாதையைச் செப்பனிடாமல் தண்டனையை மட்டும் கூட்டினால் இறப்புகள் குறையப்போவதில்லை.

இது மொழி பயின்றோரின் துறைப்பற்று மட்டும் அன்று. அமெரிக்க மருத்துவக் கழகம் 1999இல் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை மருத்துவப் பிழைகளால் இறக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. அதன் தொடர்ச்சியாக 2015இல் நோயறிதலுக்கென்றே தனி அறிக்கை வந்தது. நோயறிதல் பிழை என்பதற்கு அவ்வறிக்கை தந்த வரையறைக்கு இரண்டு பகுதிகள் உண்டு. நோயாளியின் உடல்நலச் சிக்கலுக்குச் சரியான விளக்கத்தை உரிய நேரத்தில் கண்டடையத் தவறுவது முதற்பகுதி. அவ்விளக்கத்தை நோயாளிக்குத் தெரிவிக்கத் தவறுவது இரண்டாம் பகுதி. மருத்துவர் சரியாகக் கண்டறிந்தும் அது நோயாளிக்குப் புரியும்படி சொல்லப்படவில்லையெனில் அதுவும் நோயறிதல் பிழையே என்பது இதன் பொருள். உலக சுகாதார நிறுவனமும் 2024 செப்டம்பர் 17ஆம் நாள் கொண்டாடிய உலக நோயாளர் பாதுகாப்பு நாளுக்கு நோயறிதலையே கருப்பொருளாகக் கொண்டது.

இந்தியச் சட்டம் முதற்பகுதியைப் பற்றி மட்டுமே நீண்ட காலமாகப் பேசிவந்திருக்கிறது. 1957இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட போலம் வழக்கிலிருந்து வந்த அளவுகோல் அதன் முதுகெலும்பு: ஒரு மருத்துவர் செய்தது அத்துறையின் பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் ஏற்கும் செயலாக இருந்தால் அது அலட்சியமாகாது. 1995இல் உச்ச நீதிமன்றம் கட்டணம் பெறும் மருத்துவச் சேவையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. 2005இல், லூதியானாவில் மூச்சுத்திணறிய முதியவருக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் உருளை காலியாக இருந்த நிகழ்விலிருந்து எழுந்த வழக்கில், மருத்துவர்மீது குற்றவழக்குத் தொடரக் கொடிய அளவிலான அலட்சியம் வேண்டும் என்றும், வேறொரு தகுதியுள்ள மருத்துவரின் கருத்தைப் பெறாமல் நடவடிக்கை கூடாது என்றும் வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவிப்போருக்குப் பொதுவாக ஐந்தாண்டு வரை சிறையும், மருத்துவச் சிகிச்சையின்போது அது நேர்ந்தால் பதிவு பெற்ற மருத்துவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் விதிக்கிறது.

இவை ஒவ்வொன்றுக்கும் தக்க காரணங்கள் உள்ளன. மருத்துவர்களுக்குக் காப்பு தேவையில்லை என்று கூறுவோர் 2022 மார்ச்சில் ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தில் நடந்ததை நினைவுகூர வேண்டும். மகப்பேற்றுக்குப் பின் இரத்தப்போக்கால் ஒரு தாய் இறந்தார். சிகிச்சையளித்த பெண் மருத்துவர்மீது கொலை வழக்குப் பதியப்பட்டது. மறுநாள் அவர் தற்கொலை செய்துகொண்டார். மகப்பேற்று இரத்தப்போக்கு எத்தகைய திறமையான கைகளிலும் உயிரைப் பறிக்கக்கூடியது. அச்சம் மருத்துவரைக் கூர்மையாக்குவதில்லை. ஆபத்தான நோயாளியை ஏற்காமல் பெரிய ஊருக்கு அனுப்பிவிடவும், தேவையற்ற சோதனைகளை எழுதிக் குவிக்கவும், நடந்ததை மறைக்கவும் அது கற்றுக்கொடுக்கிறது.

ஆனால் சட்டத்தின் இந்த முழு ஏற்பாட்டிலும் ஒரு குரல் விடுபட்டிருப்பதைக் காணலாம். மருத்துவரின் செயலை மற்றொரு மருத்துவரின் சொல் அளக்கிறது. நோயாளி என்ன சொன்னார், அதைக் கேட்டவர் யார், கேட்டது எவ்வாறு எழுதப்பட்டது என்ற வினாக்கள் பக்கத்தில் நிற்கின்றன. நிகழ்வே தனக்காகப் பேச வேண்டும் என்று நீதிமன்றம் சொல்ல நேர்வது, பேச வேண்டியவர் இறந்துபோனதாலும் அவர் உயிரோடிருந்தபோது பேசியது பதிவாகாததாலும்தான்.

மருத்துவ அறைக்குள் உண்மையில் என்ன நிகழ்கிறது என்பதற்கு நல்ல ஆய்வுகள் உள்ளன. பயிற்சி பெற்றவர்களை நோயாளிகளைப் போல் அனுப்பி, மருத்துவர் என்ன கேட்டார், என்ன செய்தார் என்று பதிவுசெய்யும் முறையை ஜிஷ்ணு தாஸும் அவருடைய குழுவினரும் இந்தியாவில் கையாண்டனர். மத்தியப் பிரதேசச் சிற்றூர்களில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், சராசரிச் சந்திப்பு நான்கு நிமிடத்தை எட்டவில்லை. மூன்றில் ஒரு பங்குச் சந்திப்புகளில்தான் நோயின் பெயர் நோயாளிக்குச் சொல்லப்பட்டது. சரியான பெயர் அதனினும் அரிது. அங்குச் சிகிச்சையளித்தோரில் பெரும்பாலோர் முறையான மருத்துவக் கல்வி பெறாதவர்கள். டெல்லியில் காசநோயை முன்வைத்து நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில் 250 சந்திப்புகளில் 52இல் மட்டுமே சரியான முறையில் நோய் கையாளப்பட்டது. அதாவது நூற்றுக்கு 21. உலகிலேயே காசநோயாளிகள் மிகுதியாக உள்ள நாட்டின் தலைநகரில் இந்நிலை.

இவ்வாய்வுகளில் மனத்தில் தைக்கும் செய்தி வேறொன்று. எழுத்தில் ஒரு நோயாளியை விவரித்து 'என்ன கேட்பீர்கள், என்ன செய்வீர்கள்' என்று வினவும்போது மருத்துவர்கள் தரும் விடை, அதே நிலையிலுள்ள நோயாளி நேரில் வந்து அமரும்போது அவர்கள் செய்வதைவிடச் சிறப்பாக இருக்கிறது. அறிந்ததற்கும் செய்வதற்கும் இடையே பள்ளம் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி மருத்துவருக்குத் தெரியும்; அவர் கேட்பதில்லை. இருமல் எத்தனை வாரமாக இருக்கிறது, மாலையில் காய்ச்சல் வருகிறதா, வீட்டில் வேறு யாருக்கேனும் இருந்ததா என்ற கேள்விகளுக்கு இயந்திரமோ ஆய்வகமோ தேவையில்லை. பாடத்திட்டத்தைப் பெருக்குவதால் மட்டும் இப்பள்ளம் நிரம்பாது.

உரையாடலின் முதற்கணத்தைக் கவனித்த ஒரு பழைய ஆய்வும் உண்டு. பெக்மன், ஃப்ராங்கல் என்னும் இருவர் 1984இல் அமெரிக்காவில் 74 மருத்துவச் சந்திப்புகளின் ஒலிப்பதிவை ஆராய்ந்தனர். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டார். தம் முறையீட்டை முழுமையாகச் சொல்லி முடித்தவர்கள் நான்கில் ஒரு பங்கினர்கூட இல்லை. சொல்லி முடித்தவர்களில் எவருக்கும் இரண்டரை நிமிடத்திற்கு மேல் தேவைப்படவில்லை. அதே ஆண்டில் எலியட் மிஷ்லர் தம் நூலில் மருத்துவ உரையாடலுக்குள் இரண்டு குரல்கள் போட்டியிடுவதைக் காட்டினார்: ஒன்று மருத்துவத்தின் குரல், மற்றொன்று வாழ்வுலகின் குரல். இரண்டாவது குரல் எழும் இடங்களில் முதற்குரல் அதைத் துண்டித்துத் தன் வினாவுக்குத் திரும்புகிறது. மருத்துவரும் நோயாளியும் ஒரே மொழி பேசும் சூழலிலேயே இது நடக்கிறது.

இந்தியாவில் அந்த மேசையின் இரு பக்கங்களிலும் வெவ்வேறு மொழிகள் அமர்ந்திருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகளாக 121ஐப் பட்டியலிடுகிறது. மருத்துவக் கல்வியின் மொழியும் கேஸ் ஷீட்டின் மொழியும் ஆங்கிலம். இவ்விரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு நாளும் கணக்கற்ற மொழிபெயர்ப்புகள் நிகழ்கின்றன; அவற்றுக்குப் பயிற்சியோ மேற்பார்வையோ கிடையாது. இந்தி பேசுவோர் சொல்லும் 'கப்ராஹட்' என்பது நெஞ்சுப் படபடப்பாக இருக்கலாம், மூச்சு முட்டலாக இருக்கலாம், அச்சமாக இருக்கலாம், குமட்டலுக்கு முந்தைய கலக்கமாகவும் இருக்கலாம். கேஸ் ஷீட்டில் அது பதற்றம் என்று எழுதப்பட்டால் இதய மின்வரைபடம் எடுக்கப்படாமலே போகலாம். தமிழில் 'மயக்கம்' என்ற ஒரே சொல் தலைசுற்றலையும், நினைவிழந்து விழுவதையும், அரைத்தூக்க நிலையையும் குறிக்கும். மூன்றுக்கும் வேர்நோய்கள் வேறு. 'எப்படிப்பட்ட மயக்கம்? விழுந்தீர்களா? சுற்றுவதுபோல் இருந்ததா?' என்று கேட்டால் பத்து நொடியில் தெளிவாகும். கேட்காமல் எழுதினால் தவறான பாதையில் பத்து நாள் கழியும்.

'கேஸ்' என்ற சொல்லின் பயணம் இதற்கு இன்னொரு சான்று. நாட்டின் பல மொழிகளிலும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே எழும் எந்தத் துன்பத்திற்கும் மக்கள் வழங்கும் சொல் இது. மாரடைப்பின் வலியும் சில வேளைகளில் இதே இடத்தில்தான் தோன்றும். நீரிழிவு உடையோரிடமும் பெண்களிடமும் அது கூர்மையான நெஞ்சுவலியாக வெளிப்படாமல் சோர்வு, வியர்வை, வயிற்று மேற்புற அழுத்தம் என்று வெளிப்படுவது உண்டு. நோயாளி 'கேஸ்' என்கிறார். மருந்துக்கடையிலும் சில வேளைகளில் மருத்துவ அறையிலும் அச்சொல்லே நோயறிதலாக ஏற்கப்பட்டு அமிலக் குறைப்பு மாத்திரை தரப்படுகிறது. நோயாளி அறிகுறிக்கு இட்ட பெயரை மருத்துவர் நோயின் பெயராக எடுத்துக்கொள்வதும் பிழை. அப்பெயரைப் பாமரப் பேச்சென்று ஒதுக்குவதும் பிழை. அச்சொல்லைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே நோயறிதலின் முதற்படி.

மேலும், பல சந்திப்புகளில் நோயாளி பேசுவதே இல்லை. பீகாரிலிருந்து டெல்லிக்கோ சூரத்துக்கோ சென்னைக்கோ வந்த தொழிலாளிக்காக மேஸ்திரி பேசுகிறார். பழங்குடித் தாய்க்காகப் பள்ளிக்குச் செல்லும் மகள் பேசுகிறாள். மருமகளுக்காக மாமியார் பேசுகிறார். வார்டு உதவியாளர் போகிற போக்கில் மொழிபெயர்ப்பாளர் ஆகிறார். மகள் முன்னிலையில் தாய் தன் கருப்பை நோயைச் சொல்வாளா, மேஸ்திரி முன்னிலையில் தொழிலாளி தன் குடிப்பழக்கத்தைச் சொல்வானா என்று யாரும் கேட்பதில்லை. பிறர் பேச நோயாளி மௌனமாவதன் உச்சநிலையை 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த டெல்லி வழக்கில் காணலாம். நோயறியும் நோக்கில் மட்டும் உட்நோக்கிச் சோதனைக்கு இசைந்து மயக்கநிலையில் கிடந்த நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும், வெளியே காத்திருந்த தாயின் ஒப்புதலோடு அகற்றப்பட்டன. சோதனைக்குத் தந்த இசைவு அறுவைக்குத் தந்த இசைவாகாது என்றும், உயிருக்கு உடனடி ஆபத்தில்லாதபோது வயதுவந்த பெண்ணுக்காக மற்றவர் இசைவு தர இயலாது என்றும் நீதிமன்றம் கூறியது. இத்தீர்ப்பு இந்தியாவில் நோயாளியின் சொல்லுக்குக் கிடைத்த முக்கியமான சட்ட மதிப்பு. ஆயினும் அது இசைவுப் படிவத்தோடு நின்றுவிட்டது. அறிகுறியைச் சொல்லும் சொல்லுக்கு அத்தகைய மதிப்பு இன்னும் வரவில்லை.

நீதி யாருக்குக் கிடைக்கிறது என்பதிலும் இதே மொழிப் பிளவு தெரிகிறது. இந்திய மருத்துவ அலட்சிய வழக்குகளில் மிகப் பெரிய இழப்பீடாகப் பேசப்பட்டது 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த ஏறத்தாழ 6 கோடி ரூபாயும் அதற்கான வட்டியும். 1998இல் கொல்கத்தாவில் தோல்நோய்க்குச் சிகிச்சை பெற்று, பின் மும்பையில் இறந்த ஒரு பெண்ணின் வழக்கு அது. பதினைந்து ஆண்டுகள் போராடி வென்ற அவருடைய கணவர் அமெரிக்காவில் வாழ்ந்த மருத்துவர். எந்த ஸ்டீராய்டு எந்த அளவில் தரப்பட்டது என்பதை மருந்துச்சீட்டில் படித்து, அது தவறு என்று மருத்துவத்தின் மொழியிலேயே வாதிட அவரால் முடிந்தது. ஹைதராபாத் வழக்கின் கணவர் மலேரியாத் துறையைச் சேர்ந்தவர். கேஸ் ஷீட்டைப் படிக்கத் தெரிந்தவரால் பிழையைக் கண்டுபிடிக்க முடிகிறது. கண்டுபிடித்தவரால் வழக்காட முடிகிறது. மனைவியை இழந்த கட்டுமானத் தொழிலாளிக்குப் பிழை நடந்தது என்பதே தெரியாது. அவர் கையில் ஆங்கிலத்தில் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். அல்லது அதுவும் இருக்காது.

இவ்வாதத்திற்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு மருத்துவர்களிடமிருந்து வரும்: அரசு மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவில் ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்ப்பவரிடம் பொறுமையாகக் கேள் என்பது கொடுமை. இம்மறுப்பு நேர்மையானது. ஆனால் அது கேட்பதன் தேவையை மறுக்கவில்லை. கேட்பதற்குரிய நேரத்தையும் ஆட்களையும் அரசு தரவில்லை என்பதையே உறுதிப்படுத்துகிறது. அத்துடன், தவறாக அறியப்பட்ட நோயாளி மறைந்துவிடுவதில்லை. அவர் அடுத்த வாரம் மீண்டும் வரிசையில் நிற்கிறார். அதற்கடுத்த வாரம் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் படுக்கிறார். முதல் நாள் மிச்சப்படுத்திய இரண்டு நிமிடங்களை மருத்துவமனை பிற்பாடு பல நாட்களாகச் செலுத்துகிறது.

இரண்டாம் மறுப்பு: தவறிய நோயறிதல்கள் எல்லாம் மொழியால் நிகழ்வனவா? இல்லை. ஆய்வக வசதியின்மை, அரிய நோய்கள், போலி மருத்துவர்கள், பரிந்துரைக்குத் தரகு பெறும் வணிகம் எனக் காரணங்கள் பல. ஆனால் இவற்றுள் பலவும் கேளாமையோடு கூட்டுச்சேர்ந்தே உயிர் பறிக்கின்றன. ஹைதராபாத்தில் குறைந்தது அரிய கருவியன்று. இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை இந்திய மருத்துவத்தின் மிக மலிவான, மிகப் பழைய சோதனைகளுள் ஒன்று. அதைச் செய்யத் தூண்டியிருக்க வேண்டியது நோயாளியின் முறையீடு.

மூன்றாம் மறுப்பு பாதிக்கப்பட்டோர் பக்கத்திலிருந்து எழும்: பிழையை அமைப்பின் மீதும் மொழியின் மீதும் ஏற்றினால் குற்றவாளி தப்பிவிட மாட்டாரா? இந்த அச்சம் நியாயமானது. காலி உருளையைக் கொண்டுவருவது, மயக்கத்தில் கிடப்பவரின் உறுப்பை இசைவின்றி அகற்றுவது போன்றவற்றை அமைப்பின் பெயரால் மன்னிக்க இயலாது. ஆனால் தண்டனையும் கற்றலும் வேறு வேறு வேலைகள். நீதிமன்றம் ஒருவரின் பொறுப்பைத் தீர்மானிக்கிறது. அடுத்த நோயாளிக்கு அதே பிழை நேராதிருக்க வேறு ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாட்டுக்கு இந்தியாவிலேயே முன்மாதிரி உண்டு. கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் தாய்மரணங்களை மந்தணமாக ஆய்ந்து வருகிறது. மருத்துவர் பெயரும் மருத்துவமனைப் பெயரும் நீக்கப்பட்ட ஆவணங்களை வல்லுநர்கள் படித்து, எந்த இடத்தில் என்ன தவறவிடப்பட்டது என்று கண்டு, அறிக்கையாக வெளியிடுகின்றனர். பழி அஞ்சி மறைக்கும் சூழலில் கிடைக்காத உண்மைகள் அங்கே கிடைக்கின்றன. தாய்மரணத்திற்குச் சாத்தியமானது, தவறிய காசநோய்க்கும் தவறிய மாரடைப்புக்கும் சாத்தியமாகாதிருக்கக் காரணமில்லை.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவுக்குரியனவும் அல்ல. முதலாவது, கேஸ் ஷீட்டின் முதல் வரி நோயாளியின் சொந்தச் சொல்லாக, அவர் மொழியில், மொழிபெயர்க்கப்படாமல் எழுதப்பட வேண்டும். அதன் கீழே மருத்துவர் தம் புரிதலை ஆங்கிலத்தில் எழுதட்டும். பணிமாற்றத்தில் வரும் அடுத்த மருத்துவர் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒருசேரக் காண்பார். 'கப்ராஹட்' என்று சொன்னவருக்குப் பதற்ற மாத்திரை ஏன் என்று கேட்கும் வாய்ப்பு உண்டாகும். இரண்டாவது, டிஸ்சார்ஜ் சம்மரியோடு நோயாளியின் மொழியில் ஒரு பக்கம் இணைக்கப்பட வேண்டும்: எந்த நோய் என்று கருதப்படுகிறது, எது இன்னும் விலக்கப்படவில்லை, என்ன நேர்ந்தால் உடனே திரும்பி வர வேண்டும். இவற்றுள் நடுவிலுள்ளதே உயிர் காக்கும் வரி. 'இது டைஃபாய்டாக இருக்கலாம், மலேரியா இன்னும் விலக்கப்படவில்லை' என்று எழுத வேண்டிய கட்டாயம் இருந்தால், விலக்கும் சோதனையைச் செய்யவும் கை நீளும்.

மூன்றாவது, இருக்கும் விதிகளை நடைமுறைப்படுத்துவது. 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை ஒழுங்குவிதிகள் உள்நோயாளி ஆவணங்களை மூன்றாண்டுகள் காக்க வேண்டும் என்றும், கேட்டால் 72 மணிநேரத்தில் தர வேண்டும் என்றும் கூறுகின்றன. இவ்வுரிமை உண்டென்று சொல்லும் பலகை ஒவ்வொரு மருத்துவமனை வாயிலிலும் அவ்வூர் மொழியில் இருக்க வேண்டும். நான்காவது, 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ள உரையாடல் பயிற்சியும், தொடக்கக் காலப் பயிற்சியில் உள்ள வட்டார மொழிக் கற்பித்தலும் சடங்காக முடிந்துவிடாமல், நோயாளியின் மொழியில் முறையீட்டைக் கேட்டு எழுதும் தேர்வாக மாற வேண்டும். புதுடெல்லி உள்ளிட்ட எட்டு நகரங்களில் அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலைச் சோதித்து 2009இல் வெளியான ஆய்வில், இறப்பு வீதம் நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்தது. அப்பட்டியல் புதிய கருவி எதையும் புகுத்தவில்லை. அறுவைக்கு முன் ஒருவரோடொருவர் பெயர் சொல்லிப் பேசவும், சரிபார்த்ததை வாய்விட்டுச் சொல்லவும் வைத்தது. பேச்சை ஒழுங்குபடுத்தினால் உயிர் காக்கப்படும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஐந்தாவது கடமை பல்கலைக்கழகங்களுடையது. இந்திய மொழியியல் துறைகள் ஒலியன்களையும் வாக்கிய அமைப்பையும் நுணுகி ஆராய்ந்திருக்கின்றன. ஒரு மாவட்ட மருத்துவமனைக்கு வரும் மக்கள் வலியை, சோர்வை, மூச்சுத்திணறலை, மாதவிலக்குக் கோளாற்றை எந்தெந்தச் சொற்களால் குறிக்கிறார்கள், ஒரு சொல் எத்தனை பொருள்களில் விரிகிறது, எந்தப் பின்கேள்வி அதைப் பிரித்துக் காட்டும் என்னும் அகராதிகள் ஒவ்வொரு மொழிக்கும், இயன்றால் ஒவ்வொரு வட்டார வழக்குக்கும் வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல நூலக அடுக்குகளில் தூசி படிந்து கிடக்கும் நாட்டில், மருத்துவக் கல்லூரியும் மொழித்துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றையொன்று அறியாதிருப்பது வீண் இழப்பு. மருத்துவ மொழிபெயர்ப்பாளர் என்னும் பணியிடத்தை உருவாக்கினால், மொழி பயின்ற இளைஞர்களுக்கு வேலையும் நோயாளிக்குக் குரலும் ஒருசேரக் கிடைக்கும்.

ஹைதராபாத்தில் இறந்த பெண்ணின் குடும்பத்திற்கு எட்டாண்டுகளுக்குப் பின் மீட்கப்பட்ட 2 லட்சம் ரூபாய், பிழை நடந்தது என்பதற்கான ஒப்புதல். அப்பிழை எங்கே தொடங்கியது என்பதற்கு அது விடையாகாது. அத்தொடக்கத்தைத் தேட வேண்டிய இடம் மருந்துச்சீட்டுக்கும் முன்னால் இருக்கிறது. 'விட்டுவிட்டுக் காய்ச்சல் வருகிறது, குளிருகிறது' என்று ஒருவர் சொல்லும் அந்தக் கணத்தில், எதிரே இருப்பவர் அடுத்த கேள்வியைக் கேட்கிறாரா, அடுத்த நோயாளியை அழைக்கிறாரா என்பதில் இருக்கிறது.